ராமேஸ்வரத்தில் ஒரு நாள், தனியாக, நடந்தே பார்க்க முடியுமா?

காலாற_நடப்பவள்

தை மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் கிளம்பி விடியற்காலையில் ராமேஸ்வரம் வந்து இறங்குகிறேன், அன்று ராத்திரியே திரும்பும் ரயில். தனியாகத்தான் வருகிறேன். தீர்த்தமாடுவது, பரிகாரம் எதுவும் திட்டத்தில் இல்லை. பிராகாரத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும், பழைய தெருக்களில் சுற்ற வேண்டும், தனுஷ்கோடி போக வேண்டும், அவ்வளவுதான். எந்த ஊருக்குப் போனாலும் நடந்து பார்ப்பதுதான் என் வழக்கம். 'பத்து இடம் காட்டுறோம், ஏறுங்க' என்று ஆட்டோவில் ஏற்றி, இடத்துக்கு ஐந்து நிமிடம் கொடுத்து விரட்டுகிற சுற்றுலா எனக்கு ஆகாது. தேடிப் பார்த்தால் எல்லாமே குடும்பத்தோடு கார் பிடித்து வருகிறவர்களுக்காக எழுதியிருக்கிறார்கள். நடந்தே முடியுமா? பையை எங்கே வைப்பது? பெண் தனியாகச் சுற்றினால் தொந்தரவு இருக்குமா?

பாம்பன்காற்று

ஊர்க்காரன் சொல்கிறேன் தங்கச்சி, டிக்கெட் போடும் முன்னால் காலண்டரைப் பாருங்கள். தை அமாவாசைக்குப் பக்கத்தில் வந்தால் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது, பிராகாரத்தை நிதானமாகப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை. நாலு நாள் தள்ளி வாருங்கள்.

ஸ்டேஷனிலிருந்து கோயில் நடக்கிற தூரம்தான். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் குளிக்க, பை வைக்க என்று சில மணி நேரத்துக்கு அறை தருகிற விடுதிகள் உண்டு, அதில் ஒன்றைப் பிடித்து பையை வைத்துவிடுங்கள். போனையும் அங்கேயே வைத்துப் பூட்டிவிடுவது நல்லது, கோயிலுக்குள் விடமாட்டார்கள். அஞ்சு மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், அந்தக் கூட்டம் சன்னதிப் பக்கம் நிற்கும்போது மூன்றாம் பிராகாரம் கொஞ்சம் காலியாக இருக்கும். 1212 தூண் என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போவார்கள், எண்ண வேண்டாம். ஒரு மூலையில் நின்று நீளவாக்கில் பாருங்கள், அப்போதுதான் 18ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதி முடித்து வைத்த வேலை என்னவென்று புரியும். இந்தத் தீவில் மணலைத் தவிர வேறு என்ன இருக்கிறது, இத்தனை கல்லும் கடல் தாண்டி வந்தது. மேற்குப் பக்கம் சொக்கட்டான் மண்டபத்தையும் விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் தீர்த்தமாட வாளியும் ஈரத் துணியுமாக ஓடுகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மதியம் ஒரு மணிக்கு நடை சாத்தினால் மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள்.

அப்புறம் பள்ளிவாசல் தெரு, கலாம் வீடு, கோயிலிலிருந்து நடந்தே போகலாம். ராமர் பாதம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், மணல்மேட்டின் மேல் இரண்டடுக்கு மண்டபம், மேலே ஏறினால் தீவு முழுக்கத் தெரியும். அதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடிக்கு நடக்கிற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள், அரிச்சல்முனை 20 கிலோமீட்டர், வழியில் ஒதுங்க நிழல் கிடைப்பது கஷ்டம். பஸ் போகிறது. நேரே முனைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பழைய ஊரில் இறங்கி, தேவாலயச் சுவர், ஸ்டேஷன் இருந்த இடம் எல்லாம் நடந்து பாருங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த ரயிலே கடலுக்குள் போய்விட்டது, அதற்கு அப்புறம் தண்டவாளம் போடவே இல்லை. ஒரு பக்கம் பெண் கடல், அமைதியாகக் கிடக்கும். மறுபக்கம் மன்னார் வளைகுடா, ஆண் கடல், அதில் இறங்க வேண்டாம். சாயங்காலம் போலீஸ் எல்லாரையும் கிளப்பிவிடும், அதற்குள் வந்துவிடுங்கள்.

கீழக்கரை_லாத்தா

அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது பழைய ஊரை நடந்து பார்க்கிற நாள். ராமேஸ்வரத்தில் கோயிலைத் தாண்டினால் முக்கால்வாசி லாட்ஜும் சங்குக் கடையும்தான். என்னைக் கேட்டால் ராமநாதபுரத்திலேயே இறங்கிவிடச் சொல்வேன்.

அரண்மனையில் ராமலிங்க விலாசம் பார்த்திருக்கிறீர்களா? கிழவன் சேதுபதி கட்டியது, சுவர் முழுக்க ஓவியம். ராமாயணம், பாகவதம் ஒரு பக்கம் இருக்கட்டும், தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை, தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் ராஜாவைப் பார்க்க வருவது, வேட்டை, அந்தப்புரம் என்று 18ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துச் சேது சீமையே, அதாவது சேதுபதிகள் ஆண்ட இந்தப் பகுதியே, அங்கே நிற்கிறது. ஆளே இருக்க மாட்டார்கள், ஒரு சுவருக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் யாரும் நகரச் சொல்ல மாட்டார்கள். தாயுமானவர் சமாதியும் இதே ஊரில், லட்சுமிபுரத்தில்.

அங்கிருந்து கீழக்கரை 17 கிலோமீட்டர், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. எங்கள் பழைய ஜும்மா பள்ளிவாசலை வெளியில் நின்று பார்த்தாலே கோயில் மண்டபமோ என்று தோன்றும், அதே கல்தூண், தூண் உச்சியில் அதே போதிகை, உருவச்சிலை மட்டும் இருக்காது. வள்ளல் சீதக்காதி அடங்கியிருப்பதும் அங்கேதான். இவரும் கிழவன் சேதுபதியும் ஒரே காலத்தவர்கள், நெருக்கமானவர்கள். காலையில் அரண்மனை, மதியம் பள்ளி என்று பார்த்தால் ஒரு கதையின் இரண்டு பக்கத்தையும் பார்த்த மாதிரி.

பாம்பன்காற்று

லாத்தா, அவங்க பாம்பன் பாலத்தைத் தாண்டாமல் திரும்புவதா? 1914ஆம் வருஷத்துப் பழைய பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் இப்போது ரயில் கடல் மேலே போகிறது. அதற்காகவாவது வரணும்.

காலாற_நடப்பவள்

அண்ணே, லாத்தா, ரெண்டு பேருக்கும் நன்றி, இப்போது குழப்பம் கூடிவிட்டது! ரெண்டையும் ஒரே நாளில் அடக்கினால் நான் திட்டுகிற ஆட்டோ சுற்றுலாவேதான் ஆகும். ஒரு நாள் லீவு சேர்த்துப் போடுகிறேன், முதல் நாள் ராமேஸ்வரம், மறுநாள் ராமநாதபுரமும் கீழக்கரையும். தனியாக வருவதைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே?

மதுரைக்காரி_77

நான் சொல்கிறேன். நானும் தனியாகச் சுற்றுகிற ஆள்தான். ராமேஸ்வரம் விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுகிற ஊர், டீக்கடை திறந்திருக்கும், தெருவில் பெண்கள் நடமாட்டம் இருக்கும், பயமில்லை. தொந்தரவு என்றால் வேறு வகை: ஸ்டேஷன் வாசலிலிருந்தே 'தீர்த்தமா, திதியா, ரூம் வேணுமா' என்று கூடவே வருவார்கள். நின்று விளக்கம் சொன்னால் முடிந்தது கதை, 'வேண்டாம்ணே' என்று சொல்லிக்கொண்டே நடந்துவிடுங்கள். தனுஷ்கோடியில் மட்டும் ஆளில்லாத மணல்பக்கம் ஒதுங்காமல் கூட்டத்தோடு இருங்கள், தண்ணீர் பாட்டில் இரண்டாவது இருக்கட்டும். கோயில் பக்கம் எல்லாம் சைவச் சாப்பாடுதான். மீன் வேண்டுமென்றால் தனுஷ்கோடியில் வறுத்துத் தருவார்கள், எடை போடும் முன்னாலேயே விலை கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழக்கரை_லாத்தா

மறுநாள் வெள்ளிக்கிழமையாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஜும்மா நேரத்தில் பள்ளிப் பக்கம் சுற்றிப் பார்க்க முடியாது. மற்ற நாளிலும் தலையில் போட ஒரு துப்பட்டா கையில் இருக்கட்டும், எதுவரைக்கும் உள்ளே போகலாம் என்று வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள். அப்புறம் தொதல் என்கிற எங்கள் ஊர் இனிப்பை வாங்காமல் பஸ் ஏறக் கூடாது. தேங்காய்ப்பால் காய்ச்சிக் கிண்டியது, எண்ணெய் கக்கும், காகிதத்தில் கட்டி வாங்கிப் பைக்குள் போட்டால் துணியெல்லாம் போய்விடும். வீட்டிலிருந்தே மூடி இறுக்கமான ஒரு டப்பா எடுத்து வாருங்கள்.