தாய்வீட்டில் ஐந்து மாதம்: அந்த வழக்கம் இனியும் அப்படியே வேண்டுமா?

மருதாணி:
ஒன்பதாம் மாத வளைகாப்பு முடிந்த கையோடு சாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போனேன். குழந்தைக்கு ஐந்து மாதம் நிறைந்ததும் நல்ல நாள் பார்த்து, போன வாரம் போரூரில் எங்கள் வாடகை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். இந்த ஒரு வாரத்தில் நான் அழுத அளவுக்குப் பிரசவ வலியில்கூட அழவில்லை.

அங்கே பால் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டுவது அம்மா. தூளி ஆட்டுவது சித்தி. துணி அலச ஓர் அக்கா வருவார். என் கணவர் மாதம் இரண்டு முறை வருவார். வந்தால் அவர் மாப்பிள்ளை. சனிக்கிழமை கோழிக்குழம்பு, ஞாயிறு மதியம் ஒரு தூக்கம், இரவு ரயில். அவர் கையில் குழந்தை சிணுங்கினால் போதும், அம்மா ஓடிவந்து வாங்கிக்கொள்வார்.

இப்போது வீட்டில் நாங்கள் மூவர்தான். பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று எனக்குத் தெரிகிறது. பக்கத்திலேயே படுத்துக்கிடந்ததால் தெரிகிறது. அவருக்குத் தெரியவில்லை. நேற்று இரவு 2 மணிக்கு, 'உன்னைத்தான் தேடுகிறாள்' என்று குழந்தையை என்னிடம் நீட்டினார். அவள் என்னைத் தேடவில்லை, ஈரத்துணியில் கிடந்தாள். எனக்கும் குளிப்பாட்டத் தெரியாது. காலில் போட்டால் வழுக்கிவிடுவாளோ என்று கை நடுங்குகிறது. இன்னும் 2 வாரத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

ஒரு மாதம், மிஞ்சினால் 40 நாள் தாய்வீடு போதும் என்று நினைக்கிறேன். அதற்குமேல் இருந்தால் தகப்பன் விருந்தாளியாகிவிடுகிறார். தவறு என்றால் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
தவறுதான், அம்மா. இரண்டு மகள்களுக்கும் பிள்ளைப்பேறு பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். ஐந்து மாதம் கண்விழித்த உங்கள் அம்மாவுக்குக் கிடைத்த பெயர் இதுதானா?

பிள்ளை பெற்றவள் பச்சை உடம்புக்காரி. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, லேகியம் என்று வேளைக்கு வேளை பார்த்துப் பார்த்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள், தாயைத் தவிர? பத்தாம் நாளே அடுப்படிக்குப் போன பெண்களை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். என் சொந்த அக்கா அப்படிப் போனவர்தான். மாமியார் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. ஆனால் வீட்டில் எட்டுப் பேர், ஆக்கிப்போட ஆள் இல்லை. எழுந்து வா என்று யாரும் சொல்லவில்லை. இவர்தான் படுத்திருக்கக் கூசி எழுந்தார். அந்த இடுப்பு வலி கடைசிவரை அவரை விடவில்லை. 'என்னால் முடியவில்லை' என்று ஒரு பெண் கூசாமல் சொல்லக்கூடிய வீடு தாய்வீடு ஒன்றுதான். 40 நாளில் அதை முடித்துக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

மருதாணி:
அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவர் இல்லையென்றால் நான் எழுந்தே இருக்கமாட்டேன். அவர் செய்ததில் கால்வாசியையாவது என் கணவருக்குப் பழக்கியிருக்கலாம் என்கிறேன்.

புதுத்தகப்பன்:
கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆலையில் வேலை. பையனுக்கு மூன்று மாதம். மனைவி திண்டுக்கல்லில் தாய்வீட்டில் இருக்கிறார்.

சகோதரி சொல்வது உண்மை. ஆனால் எங்களை யார் உள்ளே விடுகிறார்கள்? பிரசவம் ஆன மூன்றாம் நாள் துணி மாற்ற முயன்றேன். 'நீங்கள் வெளியே இருங்கள் மாப்பிள்ளை, இது ஆம்பிளை வேலையா?' என்றார் மாமியார். அன்பாகத்தான் சொன்னார். வராந்தாவில் நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்கள். நாள் முழுக்க அந்த நாற்காலியில்தான் இருந்தேன்.

விடுப்பும் இல்லை. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள். தனியார் ஊழியனான எனக்குச் சட்டம் ஒரு நாள்கூடத் தரவில்லை. சொந்த விடுப்பில் 6 நாள் எடுத்தேன், அதற்கே மேற்பார்வையாளர் முகம் சுளித்தார். 40 நாளில் மனைவியை அழைத்துவந்தால் காலை 7 முதல் மாலை 6 வரை அவர் தனியாகத்தான் கிடக்க வேண்டும். அது அவருக்கு நல்லதா?

காவிரிக்கரை:
அப்படிக் கேளுங்கள், தம்பி.

ஓசூர்க்காரி:
மருதாணி, நீங்கள் கேட்கும் வாழ்க்கையை நான் வாழ்ந்தவள். எனக்குத் தாய்வீடு இல்லை. கல்யாணத்துக்கு முன்பே அம்மா போய்விட்டார். மாமியாருக்குப் பக்கவாதம். சிசேரியன் முடிந்து ஐந்தாம் நாள் நானும் கணவரும் குழந்தையும் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தோம்.

அவர் எல்லாம் கற்றுக்கொண்டார். வேறு வழியில்லை என்பதால் கற்றுக்கொண்டார். ஏப்பம் விடவைப்பது, தொப்புள்கொடி விழும்வரை அந்த இடத்தை ஈரமில்லாமல் வைப்பது, பழைய வேட்டியைக் கிழித்துத் துணி தைப்பது எல்லாம் அவர்தான். இன்றும் இரவில் மகள் முதலில் கூப்பிடுவது அப்பாவைத்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அவர் வேலைக்குப் போன பிறகு வந்த பகல்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தது. அது என்னவென்று சொல்ல ஆளில்லை. சோறு வடிக்கத் தோன்றாமல் பன் தின்று கிடந்தேன். காரணமில்லாமல் அழுகை வந்தது. முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டுவிட்டோம். ஐந்தாம் வாரமும் நிற்கவில்லை. ஒருநாள் குழந்தை வீறிட்டு அழ, எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனநல மருத்துவரிடம் அவர்தான் அழைத்துப்போனார். மாத்திரை, பேச்சு என்று தேறிவர நான்கு மாதம் ஆயிற்று. அந்த நாட்களில், 'நீ படு, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்ல ஒரு பெண் குரலுக்கு எப்படி ஏங்கினேன் தெரியுமா? தாய்வீட்டை நாள் கணக்குப் போட்டுக் குறைக்காதீர்கள்.

மருதாணி:
அக்கா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. 40 நாள் என்று நான் கணக்குச் சொன்னது அவசரம்தான், அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் உங்கள் மகள் அப்பாவைக் கூப்பிடுகிறாளே, அதைத்தான் நான் கேட்கிறேன். அதை இழந்துதான் ஓய்வைப் பெற வேண்டுமா?

செவிலி:
கிராம சுகாதாரச் செவிலியராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓசூர்த் தங்கை எழுதியதை எல்லோரும் இன்னொரு முறை படியுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டியும் அழுகை, வெறுமை, குழந்தைமேல் ஒட்டாமை நீடித்தால் அது சோம்பலும் இல்லை, திருஷ்டியும் இல்லை. மருத்துவம் தேவைப்படும் நோய். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

காவிரிக்கரை அம்மா சொல்லும் ஓய்வையும் பூண்டையும் மீனையும் நான் ஒப்புக்கொள்கிறேன். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். வயிறு போட்டுவிடும் என்று அரை டம்ளர் வெந்நீரோடு நிறுத்திய வீடுகளில் மலச்சிக்கலும் சிறுநீர்க் கடுப்புமாக வாடிய பெண்கள் எத்தனையோ பேர். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும்தான். வசம்பு உரைத்து நாக்கில் தடவுவதும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம்.

காவிரிக்கரை:
உரைமருந்து கொடுத்துத்தான் என் இரண்டு பேத்திகளும் வளர்ந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

செவிலி:
ஒன்றும் ஆகாத குழந்தைகளை நீங்கள் பார்த்தீர்கள், அம்மா. ஆகிப்போன குழந்தைகளை ஆம்புலன்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனவள் நான்.

காவிரிக்கரை:
சரி. அதில் உங்களோடு வாதாடமாட்டேன். தாய்வீட்டில் மூன்று மாதமாவது இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன்.

புதுத்தகப்பன்:
மூன்று மாதமே இருக்கட்டும், அம்மா. வராந்தா நாற்காலியை எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். உங்கள் மருமகன்கள் வந்தபோது குழந்தையைக் கையில் கொடுத்தீர்களா?

காவிரிக்கரை:
கொடுத்தேன். அழுததும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிள்ளையைச் சிரமப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். அவருக்கு அது பாரமில்லை, ஆசை என்று எனக்குத் தோன்றவே இல்லை, தம்பி.

மருதாணி:
செவிலி அம்மா, எனக்கு ஓர் உதவி வேண்டும். நான் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு ஆறு மாதம்கூட நிறைந்திருக்காது. என் கணவர் இரவுப் பணிக்கு மாற்றிக்கொண்டு பகலில் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். பாலை எடுத்து வைத்துவிட்டுப் போனால் கெடாதா? புட்டிப் பால் பழக்க எனக்கு மனமில்லை.

செவிலி:
கையைக் கழுவி, கொதிக்கவைத்து ஆறிய மூடிபோட்ட கிண்ணத்தில் பிழிந்து, உடனே ஃபிரிட்ஜில் உள்பக்கமாக வையுங்கள். கதவுத் தட்டில் வேண்டாம். 4 நாள்வரை தாங்கும், ஆனால் மறுநாளே தீர்த்துவிடுவது நல்லது. வெளியே வைத்தால் 4 மணி நேரம் என்பார்கள், சென்னை வெயிலில் அதை நம்பாதீர்கள். கொடுக்கும்போது அடுப்பில் வைக்கக் கூடாது. கிண்ணத்தை வெந்நீரில் இறக்கினால் போதும். மீந்ததைக் கொட்டிவிடுங்கள். புட்டி தேவையில்லை, பாலாடையில், அதாவது சங்கு போல மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுக்கலாம். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்து, அவள் விழுங்க விழுங்கச் சரிக்க வேண்டும். இந்த இரண்டு வாரமும் தினம் ஒரு வேளை அவரே கொடுக்கட்டும். நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். அழுதாலும் உடனே வாங்கிக்கொள்ளாதீர்கள்.

தகப்பன் இரவு வேலை முடித்து வந்து எப்போது தூங்குவார் என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். தூக்கக் கலக்கத்தில் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்வது ஆபத்து.

காவிரிக்கரை:
காலில் போட்டுக் குளிப்பாட்டப் பயமாக இருந்தால் ஒரு துண்டை நனைத்து முழங்கால்மேல் விரித்துக்கொள்ளுங்கள், வழுக்காது. தலைமாட்டில் உங்கள் கணவரை உட்காரவையுங்கள். அவர் தண்ணீர் ஊற்றட்டும்.