எலெக்ட்ரிக் ஃபயர்பிளேஸ்ல பாதித் தீதான் தெரியுது, எந்த பல்பு போடணும்?

குளிர்காத்து (ஓசூர்):
சுவரோரம் நிக்கிற மாடல், 230 வோல்ட், 2000 வாட். ஹீட்டர் நல்லா ஓடுது, ஆனா தீ மாதிரி காட்டுற இடத்துல வலது பாதி இருட்டு. லேபிள்ல 40 வாட் இ14 (சின்னத் திருகு அடி வெச்சது), ரெண்டு பல்புன்னு இருக்கு. கடையில 5 வாட் எல்இடி கொடுத்தாங்க. போட்டா விட்டு விட்டு துடிக்குது, வெளிச்சமும் வெள்ளை வெளேர்னு இருக்கு. எதை மாத்தணும்?

மின்பணி (கிருஷ்ணகிரி):
புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இருக்கிற பல்பையே இடம் மாத்திப் பாருங்க. பிளக்கை உருவி, அரை மணி நேரம் ஆறட்டும். பல்பை எடுக்க உங்க மாடல்ல பின் தகடு கழலுதா, இல்ல விறகுக்கட்டை தட்டு முன்னாடி வருதான்னு ஸ்க்ரூ இருக்கிற இடத்தைப் பார்த்தாலே தெரியும். இடது பல்பைக் கழட்டி வலது ஹோல்டர்ல போட்டு, தகட்டை மூடின பிறகு சுவிட்ச் போடுங்க. எரிஞ்சா பழைய வலது பல்பு போயிருக்கு. எரியலன்னா ஹோல்டர்தான். நடுவுல இருக்கிற பித்தளை நாக்கு சூட்டுல அமுங்கிப் போயிருக்கும். பிளக் வெளிய இருக்கும்போது அதை ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் நெம்பி விடுங்க. நாக்கு கருகியிருந்தா நெம்பி பிரயோஜனமில்லை, ஹோல்டரையே மாத்தணும். அந்த ஒயர் நுனியும் மொறமொறன்னு ஆகியிருக்கும், வெட்டிட்டுப் புதுசா சீவுங்க.

துடிப்புக்கு வருவோம். தீயோட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பட்டன் இருக்கா? இருந்தா உள்ளே டிம்மர் இருக்கு, சாதா எல்இடி அதுல ஒழுங்கா எரியாது. வெளிச்சத்தை முழுசா கூட்டிப் பாருங்க. துடிப்பு நின்னா டிம்மர்தான் காரணம். டிம்மபிள்னு அட்டையில போட்ட பல்பை ரெண்டு பக்கமும் போடுங்க. நிறம் 2200 இல்ல 2700 கெல்வின். 6500 போட்டா தீ இல்ல, டியூப்லைட்தான். நம்ம ஊர்க் கடையில கண்ணுல படுறதெல்லாம் பின் வெச்ச பி22தான், இ14 சாண்ட்லியர் விக்கிற கடையில கிடைக்கும். வாங்கும்போது பழைய பல்பைக் கையில எடுத்துட்டுப் போங்க. குண்டா இருந்தா, தீ அசையுற மாதிரி காட்ட பின்னாடி மோட்டார்ல சுத்துற தகட்டுக் கம்பியில இடிக்கும்.

பழைய_மாடல் (தருமபுரி):
ஒரு விஷயம் விட்டுப்போச்சுங்க. சில பழைய மாடல்ல மோட்டாரே கிடையாது. பல்புக்கு மேல ஒரு ஊசியில லேசான தகரச் சக்கரம் உக்காந்திருக்கும், பல்பு சூட்டுல மேலே போற காத்துதான் அதைச் சுத்தும். அதுல எல்இடி போட்டா வெளிச்சம் வரும், தீ அசையாது. சூடாகுற பழைய இழை பல்புதான் போடணும், லேபிள்ல உள்ள வாட்டுக்கு மேல போகக் கூடாது. மோட்டார் உள்ள மாடல்ல வெளிச்சம் இருந்தும் தீ அசையலன்னா பல்பைக் குறை சொல்லாதீங்க, கம்பியோ மோட்டாரோ சிக்கியிருக்கும்.

குளிர்காத்து:
நன்றிண்ணா. டிம்மர் பட்டன் இருக்கு. வலது பல்பைக் கழட்டும்போது கண்ணாடி மட்டும் கையோட வந்துடுச்சு, அடிப்பாகம் உள்ளேயே மாட்டிக்கிச்சு.

மின்பணி:
பிளக் வெளியதான இருக்கு? கையுறை போட்டுக்கிட்டு, நோஸ் பிளையரால அந்தத் தகர விளிம்பைப் பிடிச்சு இடப்பக்கமா மெதுவா திருப்புங்க. விளிம்பு கிழிஞ்சா உள்பக்கமா மடக்கிட்டுத் திருப்புங்க. ஹோல்டர் சேர்ந்து சுத்துனா நிறுத்திடுங்க, ஒயர் முறுக்கி அறுந்துடும். அப்புறம், 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பாயிண்ட்லதான் செருகணும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.