லினக்ஸ் ஹோம் ஃபோல்டர்ல புள்ளி வச்ச ஃபோல்டர் குவிஞ்சு கிடக்கு, எதை அழிக்கலாம்?

டெர்மினல்வாசி:
டிஸ்க் நிறைஞ்சுபோச்சு. மறைஞ்சதையும் பட்டியல் போடுற எல்எஸ் -ஏ கமாண்ட் அடிச்சா புள்ளியில ஆரம்பிக்கிற ஃபோல்டர் மட்டும் 43. பாதி, நான் எப்பவோ தூக்கின சாஃப்ட்வேரோடது. .கேஷ் 11 ஜிபி, .லோக்கல் 9, .கார்கோ (ரஸ்ட் மொழியோட பில்ட் கருவிக்கானது) 4. மூணையும் மொத்தமா அழிச்சுடலாமா?

நள்ளிரவு_பில்ட்:
ப்ரவுசரை மூடிட்டு .கேஷ் மட்டும் அழிங்க. தேவையானதை அதுவே மறுபடி உருவாக்கிக்கும்.

பழைய_ஷெல்:
.லோக்கல்ல கை வைக்காதீங்க, நான் வச்சுப் பட்டவன். ஏதோ தற்காலிகக் குப்பைனு நினைச்சு கேட்காமலே மொத்தமா அழிக்கிற ஆர்எம் -ஆர்எஃப் அடிச்சேன். அப்புறம் குறிப்பு எழுதுற ஆப்பைத் திறந்தா அதே கறுப்பு தீம், அதே எழுத்தளவு, நான் மாத்தி வச்ச ஷார்ட்கட் எல்லாம் அப்படியே இருக்கு. ரெண்டு வருஷக் குறிப்புல ஒண்ணுகூட இல்லை! செட்டிங்ஸ் .கான்ஃபிக்ல, குறிப்பு .லோக்கல்/ஷேர்ல. எந்தக் கோப்பு எந்த ஃபோல்டர்ல இருக்கணும்னு சொல்ற, 2003ல வந்த எக்ஸ்டிஜி விதிப்படி ஆப் ஒழுங்காத்தான் பிரிச்சு வச்சிருந்துச்சு, எனக்குத்தான் தெரியலை. ஹிஸ்டரி, லாக் மாதிரி விஷயத்துக்கு 2021ல .லோக்கல்/ஸ்டேட்டும் சேர்ந்துச்சு.

.கார்கோ இந்த விதிக்கெல்லாம் அடங்காது. உள்ள இருக்கிற ரெஜிஸ்ட்ரியை (டவுன்லோடு ஆன பேக்கேஜ்) அழிச்சா அடுத்த பில்ட்ல திரும்ப டவுன்லோடு ஆகிடும். ஆனா பக்கத்துலயே இருக்கிற 'பின்'ல நீங்க இன்ஸ்டால் பண்ண கமாண்டெல்லாம் இருக்கு, ஜாக்கிரதை.

இன்னொண்ணு, புள்ளி வச்சா பேர் பட்டியல்ல மறையுற இந்த வித்தையே யாரும் யோசிச்சுச் செஞ்சதில்லையாம். பெல் லேப்ஸ் யூனிக்ஸ் குழுவுல இருந்த ராப் பைக் 2012ல எழுதியிருந்தார்: ஒத்தைப் புள்ளி (இதே ஃபோல்டர்), ரெட்டைப் புள்ளி (மேல் ஃபோல்டர்) ரெண்டும் பட்டியல்ல வராம இருக்க, எல்எஸ்ல முதல் எழுத்து புள்ளியானு மட்டும் பார்த்தாங்க. புள்ளியில தொடங்குற மத்த பேரும் கூடவே மறைஞ்சுபோச்சு.

டெர்மினல்வாசி:
நல்லவேளை கேட்டேன். கிட் செட்டிங்ஸ் இருக்கிற .கிட்கான்ஃபிக், ரிமோட் லாகின் சாவி இருக்கிற .எஸ்எஸ்ஹெச் ரெண்டையும் .கான்ஃபிக்குக்கு நகர்த்தலாமா?

பழைய_ஷெல்:
கிட் சம்மதிக்கும். .கான்ஃபிக்/கிட் உள்ள 'கான்ஃபிக்'ங்கிற பேர்ல வைங்க, அதுவே படிச்சுக்கும். .எஸ்எஸ்ஹெச் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும், சாவியெல்லாம் அங்கதான் தேடும். அப்புறம் .லோக்கல்/ஷேர் உள்ள அளவு காட்டுற டியூ -எஸ்ஹெச் போட்டுப் பாருங்க, 9 ஜிபி ஏதோ இடிக்குது.

டெர்மினல்வாசி:
பார்த்தேன். 7 ஜிபி 'டிராஷ்'. போன வருஷம் அழிச்சேன்னு நினைச்ச வீடியோ பூரா அங்க உக்காந்திருக்கு.