வாரம் 20 இங்கிலிஷ் வார்த்தை, மண்டையில நிக்கவே மாட்டேங்குது

பட்டர்வொர்த்_பையன்:
வணக்கம் அண்ணா, அக்கா. நான் படிவம் 4, தமிழ்ப்பள்ளியில இருந்து வந்தவன். எங்க இங்கிலிஷ் டீச்சர் திங்கக்கிழமை 20 வார்த்தை குடுப்பாங்க வெள்ளிக்கிழமை டெஸ்ட், எல்லாம் யுபிக்விட்டஸ், மெட்டிக்குலஸ், லொக்குவேஷியஸ் மாதிரி வாயில நுழையாததுதான். ஒவ்வொண்ணையும் பத்து தடவை எழுதி எழுதி 18 மார்க் வாங்கிடுறேன், ஆனா அடுத்த வாரம் கேட்டா சுத்தமா காலி. அடுத்த வருஷம் நம்ம மலேசிய அரசாங்கப் பரீட்சை எஸ்பிஎம் வேற. என்னதான் பண்றது லா?

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
தம்பி, பத்து தடவை எழுதுனா கைதான் வலிக்கும். வார்த்தைய பிச்சுப் பாரு. லத்தீன்ல பேசுறதுக்கு ஒரு சொல் இருக்கு, அதுல இருந்து வந்ததுதான் லொக்குவேஷியஸ், எலொக்குவன்ட், கொலோக்கியல் மூணும். முதல் ஆளு வாயாடி, ரெண்டாவது மேடை ஏறுனா சொக்க வைக்கிறவரு, மூணாவது நாம இங்க டைப் பண்ற பேச்சு வழக்கு. எங்க வீட்டுல லொக்குவேஷியஸ்னா பெரியம்மாதான், போன எடுத்தாங்கன்னா சோறு வெந்து குழைஞ்சு அடிப்பிடிச்சாலும் வைக்க மாட்டாங்க. அப்பறம் மெட்டிக்குலஸ், அதோட லத்தீன் வேருக்கு பயம்னு அர்த்தம். தப்பு வந்துடுமோன்னு பயந்து பயந்து பாத்து செய்றவன்னு வச்சுக்க.

எல்ஆர்டி_தூங்குமூஞ்சி:
அக்கா சொல்றது சரிதான், ஆனா 20 வார்த்தைக்கும் வேர் தோண்டிக்கிட்டு இருந்தா வெள்ளிக்கிழமை வந்துரும். எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத அசைகள மனப்பாடம் பண்ணி எவ்ளோ சீக்கிரம் மறக்குதுன்னு தன்மேலயே சோதிச்சு 1885லயே எழுதி வச்சிட்டாரு. நான் யுனிவர்சிட்டி போறதுக்கான மியூட் இங்கிலிஷ் பரீட்சைக்கு படிச்சப்ப சின்ன அட்டையில முன்பக்கம் வார்த்தை பின்பக்கம் அர்த்தம் எழுதிக்கிட்டு, மறுநாள், மூணு நாள் கழிச்சு, ஒரு வாரம் கழிச்சுன்னு எல்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே புரட்டுவேன். தெரியாதத மட்டும் அடிக்கடி பாத்தா போதும். ஆங்கின்னு ஒரு ஆப் இத தானா செஞ்சு குடுக்கும், ஆனா போன தொறந்தா நீ டிக்டாக் பக்கம் போயிருவ, அட்டைதான் பெஸ்ட்.

டியூஷன்_டீச்சர்:
படிச்சத எல்லாம் கட்டுரையில கொட்டிடாதப்பா. எஸ்பிஎம் ரைட்டிங் மூணாவது பகுதி மொத்தமே 200ல இருந்து 250 வார்த்தைதான். என்கிட்ட படிக்கிற ஒரு பையன் பாட்டி ‘பிளெத்தோரா ஆஃப் மீ கோரேங்’, அதாவது அளவுக்கு மிஞ்சுன வறுத்த நூடுல்ஸ், செஞ்சாங்கன்னு எழுதி குடுத்தான், சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. அர்த்தம் தெரிஞ்சா பத்தாது, எந்த இடத்துல வரும்னு தெரியணும். ஒரு வார்த்தைக்கு உன் ஊர வச்சு ஒரு வாக்கியம் எழுதிப் பாரு. எங்க பாத்தாலும் இருக்குறதுதான் யுபிக்விட்டஸா, பட்டர்வொர்த்ல திரும்புற பக்கமெல்லாம் மோட்டார், முடிஞ்சது கதை.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
அந்தப் பாட்டி நிஜமாவே ஒரு அண்டா செஞ்சிருப்பாங்களோ என்னவோ டீச்சர் 😂 தம்பி, இங்கிலிஷ்காரனும் நம்மகிட்ட வாங்கினவன்தான். கட்டுமரம்தான் காட்டமரான், சுருட்டுதான் செரூட், பிரம்புக்கு மலாய்ல சொல்ற ரோத்தான்தான் ராட்டன்.

பட்டர்வொர்த்_பையன்:
ரொம்ப நன்றி. அட்டை வெட்டியாச்சு, அம்மா காலண்டர் போச்சுன்னு கத்துறாங்க. அக்கா சொன்னதும் இந்த வார லிஸ்ட்ட பாத்தேன், 11வது வார்த்தை அமோக், வெறி பிடிச்சு ஆடுறது. இதுவும் மலாய்தானே லா, அப்ப 19தான் படிக்கணும் 😁