'கிங் லியர்' வில்லி, வில்லன் ஒப்பீடு: எந்தப் பிரதியை எடுப்பது?

நாடக_ஆய்வு:
வணக்கம். ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் லியர் மன்னனின் மூத்த மகள் கானரிலையும், ஒரு பிரபுவுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் எட்மண்டையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுகிறேன். இருவர் செய்வதும் துரோகம்தான். ஆனால் பெண் என்பதற்காகவே கானரிலுக்குக் கூடுதலாக வசை விழுகிறது. இதை நிறுவ பாடப்புத்தகப் பதிப்பு போதுமா? வேறு எந்த நாடகத்தைச் சேர்க்கலாம்?

ஏட்டுப்புழு:
போதாதுங்க. 1608 குவார்ட்டோவும் (சிறிய அளவில் தனியாக அச்சிட்ட நாடகம்) 1623 ஃபோலியோவும் (பெரிய அளவில் அச்சிட்ட நாடகத் தொகுப்பு) தனித்தனிப் பிரதிகள். பாடப்புத்தகங்கள் பலவும் இரண்டையும் கலந்து தருபவை, வில்லங்கமே அங்கேதான். நான்காம் அங்கம், இரண்டாம் காட்சியைப் பாருங்கள். பிசாசின் கோரம் பெண்ணிடம் இன்னும் பயங்கரம் என்று ஆல்பனி தன் மனைவி கானரிலை ஏசுவது இரண்டிலும் உண்டு. சதையையும் எலும்பையும் பிய்த்தெறியத் துடிக்கும் கைகளை, அவள் பெண்ணுருவில் இருப்பதால் அடக்கிக்கொள்கிறேன் என்பதும், அவள் பதிலுக்கு அவன் ஆண்மையை எள்ளுவதும் குவார்ட்டோவில் மட்டும்தான். மூன்றாம் அங்கம், ஆறாம் காட்சியில் லியர் மகள்கள்மேல் நடத்தும் கற்பனை விசாரணையும் ஃபோலியோவில் இல்லை. அதனால் ஒவ்வொரு மேற்கோளுக்கும் பக்கத்தில் எந்தப் பிரதி என்று குறியுங்கள். யார், யாரிடம், அவள் எதிரில் சொன்னதா இல்லாதபோதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எட்மண்ட் பக்கமும் கவனம் வேண்டும். பழைய அச்சில் பேசுபவர் பெயர் வரும் இடத்தில் பல காட்சிகளில் அவனுக்கு 'பாஸ்டர்ட்' (திருமணத்துக்கு வெளியே பிறந்தவன்) என்றே இருக்கும். புதிய பதிப்புகள் 'எட்மண்ட்' என்று மாற்றிவிடும். அவனைப் பிறப்பை வைத்து இழிவுபடுத்துகிறார்கள், அவளைப் பாலை வைத்து. ஆனாலும் முதல் அங்கத்திலேயே தனியாக நின்று நம்மிடம் நியாயம் பேச அவனுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. கானரிலுக்கு அப்படி ஒரு நீண்ட தனிமொழி கிடையாது. வசையை எண்ணுவதைவிட இது வலுவான சான்று.

கீழ்க்கோர்ட்:
'ஆர்டன் ஆஃப் ஃபேவர்ஷம்' (1592) நாடகத்தைச் சேருங்கள். மனைவி ஆலிஸ் கணவன் ஆர்டனைக் கொல்ல வைக்கும் கதை. 1551இல் நடந்த நிஜக் கொலை. அக்கால இங்கிலாந்தில் 1351 சட்டப்படி மனைவி கணவனைக் கொன்றால் சிறு ராஜத்துரோகம், எரித்துக் கொல்வார்கள். கணவன் மனைவியைக் கொன்றால் வெறும் கொலைக்குற்றம், தூக்கு. கடைசியில் மேயர் ஆலிஸை எரிக்க கேன்டர்பரிக்கு அனுப்புவது இதனால்தான். ஹாலின்ஷெட் என்பவர் பெயரில் வந்த அக்கால இங்கிலாந்து வரலாற்று நூலில் உள்ள இதே சம்பவத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஏட்டுப்புழு:
இன்னொன்று. பழைய நூல்களின் இணையத் தொகுப்பில் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலைப் போட்டால் பாதி தப்பிவிடும். ஆங்கிலச் சொல்லின் நடுவில் வரும் 'வி' (v) எழுத்து அக்கால அச்சில் பெரும்பாலும் 'யு' (u) ஆக இருக்கும். 'டெவில்' (devil, பிசாசு) சிக்காமல் போவது இதனால்தான். மாற்றுக்கூட்டல்களையும் தேடும் வசதி இருந்தால் அதை முதலில் போட்டுவிடுங்கள்.