நாயோடு கடைக்குள் வந்த அம்மாவும் அந்த இரண்டு கேள்விகளும்

கலிஃபோர்னியாவில் ஒரு இந்திய மளிகைக் கடையில் கல்லாவில் இருந்தபோது நடந்தது. ஒரு அம்மா லேப்ரடார் நாயோடு உள்ளே வந்தார். நான் நேராகப் போய், "இதுக்கு சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாதாம்! அவர் கோபப்படாமல் எனக்கே பாடம் எடுத்தார்: ஊனத்தின் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா, என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள், இந்த இரண்டைத்தான் கடைக்காரர் கேட்கலாம். "சர்க்கரை இறங்கினா மூக்கால முழங்கையை இடிக்கும்" என்றார். அவர் பேசி முடிக்கும்வரை அது அரிசி மூட்டையைக்கூட முகராமல் படுத்திருந்தது.

அடுத்த மாதமே இன்னொருவர், நான் வாயைத் திறக்கும் முன்பே ஆன்லைனில் வாங்கிய பளபள 'சேவை நாய்' அட்டையை நீட்டினார். அந்த அட்டைக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை. அவர் நாய் துவரம்பருப்பு அடுக்கின் மேல் காலைத் தூக்கியது. அப்படி நடந்தால் நாயை வெளியே அனுப்பலாம், ஆனால் ஆளுக்குச் சாமான் கொடுத்தாக வேண்டும். கொடுத்தேன். தரையை நான்தான் துடைத்தேன்.

*

எங்கள் வீட்டில் நாய் இல்லை, பூனை. குழந்தை பிறந்த பிறகு மனைவிக்கு மனச்சோர்வு, ஆறுதலுக்குப் பூனை வேண்டும் என்று தெரபிஸ்ட் கடிதம் கொடுத்தார். வீட்டுக்காரரோ பூனைக்குத் தனி வாடகை கேட்டார். வீட்டுவசதிச் சட்டப்படி ஆறுதலுக்கு வளர்க்கும் பிராணிக்கு அந்தக் கட்டணம் கிடையாது என்று எழுதிய பிறகுதான் விட்டார். அதே கடிதத்தோடு உணவகத்துக்குப் போனால் செல்லாது, அது வேறு சட்டம். இங்கே 2022 முதல், நாய் விஷயத்தில், நம்மோடு முப்பது நாளாவது பழக்கம் இல்லாத ஆலோசகர் இந்தக் கடிதம் தரக் கூடாது என்றும் வந்துவிட்டது. நல்லதுதான், பணம் கட்டினால் பத்து நிமிடத்தில் கடிதம் என்ற கூத்து கொஞ்சமாவது குறையும்.

*

விமானத்தில் கதையே வேறு. 2018-ல் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒருவர் ஆறுதல் துணை என்று மயிலையே கூட்டிவந்தார், ஏற்றவில்லை. 2021 ஜனவரியிலிருந்து ஆறுதல் பிராணிகளை ஏற்ற வேண்டிய கட்டாயமே விமான நிறுவனங்களுக்கு இல்லை, பழக்கிய சேவை நாய்க்கு மட்டும்தான் உரிமை. கடையில் தாள் கேட்கக் கூடாது, இங்கே படிவம் கேட்கலாம்! போன வருடம் என் அம்மா காலடியில் அப்படி ஒரு நாய் ஐந்து மணி நேரம் படுத்து வந்தது. அம்மாவுக்கு நாய் என்றாலே பயம். இறங்கும்போது, "நம்ம வீட்டுப் பசங்களைவிட இது சமத்துடா" என்றார்.