800 அடித் தண்ணீரை ரேடாரில் பார்க்க முடியுமா?

பல்லடத்தான்:
எங்கள் தோட்டத்தில் மேலே கரிசல், கீழே சுக்கான்பாறை, அப்புறம் முழுக்கக் கருங்கல். கடைசியாகப் போட்ட போர்வெல்லில் தண்ணீர் இல்லை, வெறும் புகைதான் வந்தது. இப்போது ஒருத்தர் டேப்லெட்டோடு ஒரு கருவி கொண்டுவந்து காட்டினார். ரேடார் அலையாம், 800 அடி வரைக்கும் 3டி படமாம், தண்ணீர் இருக்கும் இடம் நீலமாகத் தெரியுமாம். இருபதாயிரம் கேட்கிறார். அப்பா தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரையே கூப்பிடலாம் என்கிறார். இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தள்ளுவண்டி ரேடார்:
ஜிபிஆர், அதாவது தரைக்குள் பார்க்கும் ரேடார், அந்த வண்டியைத் தள்ளிப் பிழைக்கிறவன் நான். ரோட்டுக்கு அடியில் கேபிளும் குழாயும் எங்கே போகின்றன, கான்கிரீட்டில் துளை போடும் இடத்தில் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ரேடார் அலை எவ்வளவு ஆழம் போகும் என்பது கருவியின் விலையில் இல்லை, மண்ணில் இருக்கிறது. மின்சாரம் கடத்துகிற மண் அலையைத் தின்றுவிடும். ஈரக் களிமண்ணும் உப்பும் சேர்ந்தால் கதை முடிந்தது. மழை பெய்த மறுநாள் உங்கள் கரிசலில் 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவைத் தள்ளினால் ஒரு மீட்டர் தெரிந்தாலே பெரிய விஷயம். அதே ஆன்டெனா காய்ந்த மணலில் மூன்று மீட்டர் வரை காட்டும். அதிர்வெண்ணைக் குறைத்தால் ஆழம் கொஞ்சம் கூடும், ஆனால் படம் மங்கிவிடும்.

அண்டார்டிகாவில் விமானத்திலிருந்தே 3 கி.மீ. பனிக்கு அடியில் உள்ள பாறையை ரேடாரில் பார்க்கிறார்கள். அது உண்மை. உறைந்த பனி மின்சாரத்தைக் கிட்டத்தட்டக் கடத்தாது, அதனால் அலை போய்த் திரும்புகிறது. இந்த மாதிரிச் செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் ஏஜென்ட்டுகள் ஊருக்குள் வருகிறார்கள்.

நீல நிறமும் கதைதான். திரையில் எங்களுக்கு வருவது எதிரொலிக் கோடுகள். குழாய் கிடந்தால் கவிழ்ந்த வில்லாக ஒரு வளைவு தெரியும். நிறம் மென்பொருளில் நாம் கொடுப்பது.

ஆனால் இந்தத் துறை வளரவில்லை என்று சொல்ல மாட்டேன். ரோமுக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தள்ளி ஃபலேரி நோவி என்று ஒரு பழைய ரோமானிய நகரம் புதைந்து கிடக்கிறது. கேம்பிரிட்ஜும் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து, நாலு சக்கர குவாட் பைக்கில் ஆன்டெனா வரிசையை இழுத்துக்கொண்டு, மதிலுக்குள் இருந்த 30.5 ஹெக்டேரையும் 12.5 செ.மீ. இடைவெளியில் அளந்தார்கள். முடிவு 2020-ல் வெளியானது. கோயில், சந்தை, குளியல் கூடம், தண்ணீர்க் குழாய் வரை தெரிந்தது, ஒரு மண்வெட்டி படவில்லை. நான் பொறாமைப்பட்ட படங்கள் அவை. ஆனால் அதுவும் தரைக்குக் கொஞ்சம் கீழே இருப்பதைத்தான் காட்டியது. நெருக்கமாக, வேகமாக அளக்கிறோம், கணினி பலம் கூடியிருக்கிறது. களிமண் அப்படியேதான் இருக்கிறது.

நில அதிர்வுக்காரி:
அண்ணன் சொன்னது சரி. ஆழத்துக்கு வேறு அலை வேண்டும். இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து, வரிசையாக நட்ட ஜியோபோன்களில், அதாவது அதிர்வை உணரும் கருவிகளில், அதிர்வு வந்து சேரும் நேரத்தை அளப்போம். சிதைந்த பாறையில் அலை மெதுவாகவும் கருங்கல்லில் பல மடங்கு வேகமாகவும் போகும். அதை வைத்து, கெட்டிப் பாறை எத்தனை அடியில் தொடங்குகிறது என்று நன்றாகவே சொல்லலாம். போர்வெல்லில் கேசிங் குழாய் எவ்வளவு இறக்க வேண்டும் என்று கணக்குப் போட அது உதவும்.

எண்ணெய் தேடுபவர்கள் இன்னும் மேலே போய்விட்டார்கள். வந்து சேரும் நேரத்தை மட்டும் பார்க்காமல், அலையின் முழு வடிவத்தையும் கணினியில் திரும்பத் திரும்பப் பொருத்திப் பார்க்கிறார்கள். 1980-களிலேயே வந்த யோசனை, கணினிகள் வளர்ந்த பிறகுதான் கைகூடியது. கடலடியில் உப்புப் படிவத்துக்குக் கீழே மறைந்திருப்பதைக்கூட இதில் பார்க்கிறார்கள்.

ஆனால் உங்கள் கருங்கல்லில் தண்ணீர் இருப்பது வெடிப்புகளில். விரல் தடிமன் வெடிப்பு ஒன்று 800 அடியில் இருக்கிறது என்று வையுங்கள். அந்த ஆழத்துக்குப் போய்வரும் அதிர்வின் அலைநீளம் பல மீட்டர். அவ்வளவு சின்னதை அது தனியாகப் பிரித்துக் காட்டாது.

பல்லடத்தான்:
நன்றி அண்ணா, நன்றிங்க. அப்படியென்றால் கம்பி நட்டுப் பார்ப்பது? பக்கத்துத் தோட்டத்தில் அப்படித்தான் பாயிண்ட் பார்த்தார்கள்.

தள்ளுவண்டி ரேடார்:
அது மின்தடை முறை, அலையே இல்லை. நாலு கம்பி நட்டு, மின்சாரம் விட்டு அளப்பது. இருப்பதில் அதுதான் உருப்படி. ஆழம் வேண்டுமென்றால் கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட வேண்டும், 800 அடிக்கு அதைவிடப் பல மடங்கு நீளத்துக்கு வயர் இழுக்க வேண்டும். வாசலில் நின்றபடி பத்து நிமிடத்தில் முடிக்கிறவரை நம்பாதீர்கள். அப்படியும் அது நிச்சயமில்லை, வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவுதான்.

டேப்லெட்காரர் திரும்ப வந்தால், பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் ஓடுகிற போர் இருக்கிறதல்லவா, மூடியை மண் போட்டு மறைத்துவிட்டு அந்தப் பக்கமாக நடக்கவிடுங்கள். எத்தனை அடியில் தண்ணீர் என்று அவர் சொல்லட்டும், பிறகு பேரம் பேசலாம்.